கலைந்த குளவி என்ன செய்யும்: கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கான முழுமையான வழிகாட்டி

குளவி என்றதும் பேச்சு கொடுக்கில்தான் தொடங்கும். நான் கூட்டில் தொடங்குகிறேன். கூட்டுக்குள் நகரவே முடியாத முட்டைகளும் புழுக்களும் அறைக்கு ஒன்றாக அடைந்து கிடக்கின்றன. எறும்புக்கும் பறவைக்கும் அவை கொழுத்த இரை. கூட்டமாக வாழும் குளவி பெரும்பாலும் கொட்டுவது இவற்றைக் காப்பாற்றத்தான். தன் உயிர் மட்டுமே பிரச்சினை என்றால் அது பறந்து போய்விடும், அதற்குத்தான் இறக்கை இருக்கிறதே. இதைப் பிடித்துக்கொண்டால் எப்போது அசையாமல் இருக்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்பது தானாகவே விளங்கும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்வதால்தான் பலர் கொட்டு வாங்குகிறார்கள்.

படி 1: நிற்பது கூட்டுக்குப் பக்கத்திலா, இல்லையா?

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பூவிலும் தண்ணீர் ஓரத்திலும் தனியாகத் திரியும் குளவி, வேலையாக வந்த குளவி. புழு பிடிக்கிறது, இனிப்பை உறிஞ்சுகிறது, கூடு கட்டப் பழைய மரத்திலிருந்து நாரைச் சுரண்டுகிறது. அங்கே அது காக்க வேண்டியது எதுவும் இல்லை. கையில் அமுக்கினாலோ, வெறுங்காலால் மிதித்தாலோ, சட்டைக்குள் மாட்டிக்கொண்டாலோதான் கொட்டும். சாப்பிடும் இடத்தில் ஒன்று சுற்றினால் கையை வீசாமல் இருந்தாலே போதும், மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். திறந்து வைத்த பானத்தை மட்டும் பார்க்காமல் குடிக்காதீர்கள். குளவி உள்ளே இறங்கியிருந்து தொண்டையில் கொட்டினால், அந்த வீக்கமே மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும்.

கூடு பக்கத்தில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? குளவிகள் ஒரே தடத்தில் போய் வருவதைக் கவனியுங்கள். இரை தேடும் குளவி அங்கும் இங்கும் அலையும். கூட்டுக்குத் திரும்பும் குளவி நேர்கோட்டில் வந்து ஒரே புள்ளியில் மறையும். ஒரு புதருக்குள்ளோ, சுவர் இடுக்கிலோ, தரையில் உள்ள பொந்திலோ இரண்டு மூன்று குளவிகள் இப்படி நுழைவதைப் பார்த்தால் அங்கே கூடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எந்தக் குளவி?

குளவி இனங்களில் பெரும்பான்மை தனித்து வாழ்பவை. சுவரில் மண் உருண்டை ஒட்டினாற்போல் கூடு கட்டும் மண் குளவியை எடுத்துக்கொள்ளுங்கள். அது சிலந்தியையோ புழுவையோ கொட்டி மரத்துப்போகச் செய்து, மண் அறைக்குள் வைத்து, முட்டையிட்டு, வாயை மூடிவிட்டு அடுத்த அறையைக் கட்டப் போய்விடும். கூட்டைத் தொட்டால்கூடக் கூட்டமாகப் பாய்ந்து வராது. அப்படிப் பாய்வதற்கு அதற்கு ஒரு கூட்டமே கிடையாது. இவற்றுக்கு விஷம் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். பூச்சிகளின் கொட்டு எவ்வளவு வலிக்கும் என்பதற்குத் தன் உடம்பையே வைத்து 1 முதல் 4 வரை அளவுகோல் போட்டவர் ஜஸ்டின் ஷ்மிட் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர். பெருஞ்சிலந்திகளை வேட்டையாடும் ஒரு தனிக் குளவிக்கு அவர் கொடுத்தது 4. தேனீக்கு 2தான். அவ்வளவு வலிக்கக் கொட்டும் அந்தக் குளவி மனிதரைத் துரத்துவதில்லை. வலி வேறு, ஆபத்து வேறு.

நாம் கவலைப்பட வேண்டியது கூட்டமாக வாழ்பவற்றைப் பற்றி. காகிதக் குளவியின் கூடு திறந்தே இருக்கும், தலைகீழாகப் பிடித்த குடை மாதிரி ஒரே காம்பில் தொங்கும், அதில் சில பத்துக் குளவிகள் இருக்கும். கதண்டு என்றும் கடந்தை என்றும் சொல்லப்படும் பெரிய குளவிகளில் பல, கூட்டைச் சுற்றிக் காகித உறை போர்த்திப் பந்து போலக் கட்டும். அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கும். மஞ்சள் வரிக் குளவிகளில் பல தரைக்கடியில் கட்டும். ஒரு கூட்டில் ஆயிரக்கணக்கில் இருப்பதும் உண்டு. வெளியே தெரிவதோ கட்டைவிரல் நுழையும் அளவு பொந்துதான்.

கொட்டுவது பெண் குளவி மட்டும். கொடுக்கு என்பதே முட்டையிடும் உறுப்பு காலப்போக்கில் மாறி வந்த ஆயுதம், அதனால் ஆணுக்கு அது கிடையாது. ஆனாலும் ஆணும் சும்மா விடுவதில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு வகை மண் குளவியின் ஆண்கள் தங்கள் இனப்பெருக்க உறுப்பில் உள்ள இரண்டு முட்களால் தங்களை விழுங்க வந்த மரத்தவளையைக் குத்தியது பதிவாகியிருக்கிறது. குத்துப்பட்ட தவளைகளில் சில, வாயிலிருந்ததைத் துப்பிவிட்டன. விஷம் இல்லாமலே இது நடக்கிறது.

படி 3: எது அவற்றைக் கலைக்கிறது?

முதல் இடம் அதிர்வுக்கு. கூடு ஒட்டியிருக்கும் கிளை, சட்டம், மண் இவற்றில் வரும் நடுக்கம் கால் வழியாக அத்தனை குளவிக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். புல்வெட்டும் இயந்திரம், துளைபோடும் கருவி, கதவை அறைவது, கிளையை வெட்டுவது எல்லாம் இந்த வகைதான். நீங்கள் கூட்டைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள், ஆனால் கூட்டுக்கு நீங்கள் வந்தது தெரிந்திருக்கும்.

அடுத்தது மூச்சு. கூட்டைச் சூறையாட வருபவற்றில் பாலூட்டிகளும் உண்டு. பாலூட்டியின் மூச்சு வெதுவெதுப்பாக, ஈரமாக, கார்பன் டை ஆக்சைடோடு வரும். கூட்டை நெருங்கி முகத்தை நீட்டிப் பார்ப்பவர் அறியாமலே அந்த அடையாளத்தைக் காட்டிவிடுகிறார்.

பிறகு வேகமான அசைவும் கறுப்பு நிறமும். கதண்டுகள் வெளிர்நிறப் பொருளைவிடக் கறுத்த பொருளைத்தான் அதிகம் தாக்கும். தலைமுடியையும் கண்ணையும் குறிவைப்பது அதனால்தான். வாசனைத் திரவியமும் இந்தக் கணக்கில் வரும், அதற்கான காரணம் படி 5இல்.

கூட்டின் வயதும் முக்கியம். ராணி தனியாக நான்கைந்து அறைகளோடு தொடங்கும் காலத்தில், நெருங்கினால் அது விலகிப் போக வாய்ப்பு அதிகம். அது செத்தால் கூடே அழிந்துவிடும். வேலைக்காரக் குளவிகள் பெருகி, அறைகள் நிறையப் புழு இருக்கும்போது கணக்கு தலைகீழாகிவிடும். காக்க வேண்டியது அதிகம், காக்க ஆளும் அதிகம். போன மாதம் பக்கத்தில் போனபோது ஒன்றும் செய்யவில்லையே என்ற நம்பிக்கையில் இந்த மாதம் போகாதீர்கள்.

படி 4: எச்சரிக்கையைப் படியுங்கள்

என் ஜன்னலுக்கு வெளியே, சட்டத்தின் மேல்மூலையில், ஒரு காகிதக் குளவிக் கூடு சில மாதம் இருந்தது. இடையில் கண்ணாடி இருந்ததால் ஒரு சாண் தூரத்தில் நின்று பார்க்க முடிந்தது. உள்ளங்கையில் பாதி இருக்கும், சாம்பல் நிறம், அறுகோண அறைகள், சில அறைகளின் வாயில் வெள்ளை மூடி. நான் அசையாமல் நின்றால் குளவிகள் என்னைக் கண்டுகொள்ளாது. அறைக்குள் தலையை விட்டுப் புழுவுக்கு ஊட்டும், வெளியே வரும், உணர்கொம்பைத் துடைக்கும்.

விரலைக் கண்ணாடியில் மெதுவாக நகர்த்தினேன். விளிம்பில் இருந்த குளவி வேலையை நிறுத்திவிட்டு உடம்போடு திரும்பியது. இரண்டு உணர்கொம்புகளும் விரலை நோக்கி நீண்டன. விரலை இன்னும் நகர்த்தினேன். முன்னங்கால்களை ஊன்றி நெஞ்சை உயர்த்தியது. முதுகோடு ஒட்டி மடிந்திருந்த இறக்கைகள் விரிந்து மேலெழுந்தன, பின்புறம் லேசாக வளைந்தது. அதற்குள் பக்கத்தில் இருந்த மூன்று நான்கும் அதே கோலத்தில் நின்றன. இறக்கையை வெடுக் வெடுக்கென்று உதறியது ஒன்று. விரலை எடுத்துவிட்டு அப்படியே நின்றேன். சில நிமிடத்தில் ஒவ்வொன்றாக இறக்கையை மடக்கின, முதலில் திரும்பிய குளவி கடைசியில் மடக்கியது.

திரும்புவது, இறக்கையைத் தூக்குவது, உதறுவது: இந்த வரிசை தெரிந்தால் ஒரு கொட்டையும் வாங்காமல் விலகிவிடலாம். பறந்தெழுவதும் கொட்டுவதும் இதற்குப் பிறகுதான். பறந்து பாய்வதற்கும் சக்தி செலவாகும், உயிருக்கும் ஆபத்து. மிரட்டியே அனுப்பிவிட முடிந்தால் குளவிக்கும் அதுதான் லாபம்.

கதண்டு வேறு மாதிரி எச்சரிக்கும். காவல் குளவி ஒன்றிரண்டு வெளியே வந்து உங்களை வட்டமிடும், விட்டு விட்டு நெருங்கும். கதண்டுகளிலேயே பெரியதான ஆசியப் பெருங்கதண்டு தாடைகளை அடித்துச் சொடுக்குவது போன்ற சத்தம் எழுப்பும். தென் அமெரிக்கக் காடுகளில் ஒரு குளவி வகை, கூட்டின் காகித உறைமேல் எல்லாமாகச் சேர்ந்து தாளம் தட்டும். ஒரே குளவி உங்கள் முகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால் தட்டிவிடத்தான் கை போகும். தட்டாதீர்கள், வந்த வழியே பின்வாங்குங்கள். தரைப்பொந்துக் குளவிகளிடம் இந்தச் சலுகை குறைவு. இயந்திரம் பொந்தின் மேல் ஏறிய பிறகு எச்சரிக்கைக்கு நேரம் இருக்காது.

ஓர் இடைச்செருகல். கூட்டின் எதிரிகள் எல்லாரையும் கொட்டி விரட்ட முடியாது. எறும்பு பொடியாக வரிசையாக வரும். அதற்குக் காகிதக் குளவிகள் வேறு வழி வைத்திருக்கின்றன. வயிற்றின் அடியில் உள்ள சுரப்பியிலிருந்து வரும் பொருளைக் கூட்டின் காம்பில் தேய்த்துத் தேய்த்துப் பூசிவிடும். கூட்டுக்குள் நுழைய அந்த ஒரே காம்புதான் பாதை, அந்தப் பூச்சைத் தாண்ட எறும்பு தயங்கும். காம்பு அவ்வளவு மெல்லியதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: பூச வேண்டிய பரப்பு குறைவு.

படி 5: வாசனை எப்படி ஊரைக் கூட்டுகிறது

ஒரு குளவி கொட்டியதும் மற்றவை எப்படி மொய்க்கின்றன? விஷத்திலேயே அபாய வாசனை கலந்திருக்கிறது. கதண்டும் மஞ்சள் வரிக் குளவியும் கொட்டும்போதோ, கொடுக்கை நீட்டி விஷத்துளியைக் காட்டும்போதோ அது காற்றில் பரவும். அதை மோந்த குளவிகள் கூட்டைவிட்டு வெளியே வந்து, வாசனை ஒட்டியிருக்கும் இடத்தைத் தேடிப் போய்க் கொட்டும். முதல் கொட்டு உங்கள் தோலில் குறி போட்டுவிடுகிறது.

ஆசியப் பெருங்கதண்டின் இந்த வாசனையில் என்னென்ன கலந்திருக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003இல் கண்டுபிடித்தார்கள். 2-பென்டனால் என்ற வேதிப்பொருள் அதில் முக்கியமானது, கூடவே வேறு இரண்டு பொருட்கள் சேரும்போது அதன் வீரியம் ஏறுகிறது. இந்த வகைப் பொருட்கள் வாசனைத் திரவியங்களிலும் உணவு மணமூட்டிகளிலும் பயன்படுகின்றன என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். காட்டுப் பக்கம் போகிறவர் சென்ட் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

கூட்டுக்குப் பக்கத்தில் குளவியை நசுக்கவும் கூடாது. விஷப்பை உடைந்தால் அதே வாசனைதான் வெளியே வரும். அடித்துக் கொன்றவர் ஒன்றைக் குறைத்ததாக நினைப்பார், நடப்பது அதற்கு நேர்மாறு.

படி 6: கொடுக்கு எப்படி வேலை செய்கிறது

தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் பெரியவை. நம் தோலில் மாட்டிக்கொண்டு விஷப்பையோடு பிய்ந்து வரும், தேனீ செத்துவிடும். குளவியின் முட்கள் மிகச் சிறியவை. உருவிக்கொண்டு மறுபடியும் குத்தும். மெல்லிய இரண்டு ஊசித் தகடுகள் மாறி மாறி முன்னேறித் தோலைத் துளைக்க, விஷப்பையைச் சுற்றியுள்ள தசை அமுங்கி விஷத்தைத் தள்ளும். ஒரு கொட்டில் தேனீ விடும் விஷத்தைவிட மஞ்சள் வரிக் குளவி விடுவது மிகக் குறைவு. ஆனால் தேனீக்கு ஒரு வாய்ப்பு, குளவிக்குப் பல.

விஷத்தில் ஹிஸ்டமின், செரோடோனின், கைனின் ஆகியவை உடனடி எரிச்சலுக்கும் வீக்கத்துக்கும் காரணம். கதண்டு விஷத்தில் அசிட்டைல்கோலினும் இருப்பதால் வலி கூடும். ஹையலூரோனிடேஸ் என்ற நொதி திசுக்களை இளக்கி விஷம் பரவ வழி செய்கிறது. பாஸ்போலிபேஸ், ஆன்டிஜன் 5 என்ற புரதங்கள்தான் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வினை.

படி 7: கூட்டம் கிளம்பிவிட்டால்

ஓடுங்கள். அசையாமல் நில் என்ற அறிவுரை, கூட்டைவிட்டுத் தனியாகத் திரியும் ஒரு குளவிக்குச் சொன்னது, கலைந்த கூட்டுக்கு அது பொருந்தாது. குளவிகள் விரட்டுவது கூட்டிலிருந்து உங்களைத் தூரப்படுத்தத்தான். தூரம் கூடக்கூட அவற்றின் ஆவேசம் குறையும். சிறு காகிதக் கூடு என்றால் சில மீட்டரிலேயே விட்டுவிடும். கதண்டு பல பத்து மீட்டர் தூரம்கூடத் துரத்தும், அதனால் பாதியில் நின்று திரும்பிப் பார்க்க வேண்டாம்.

கையை வீசாமல், சட்டையையோ துணியையோ தலைக்கு மேல் இழுத்து முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொள்ளுங்கள், வழி தெரிய மட்டும் இடம் விடுங்கள். கட்டடமோ காரோ கிடைத்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். கூடவே இரண்டு மூன்று வந்துவிட்டாலும் வெளியே இருக்கும் கூட்டத்தோடு ஒப்பிட்டால் அது பரவாயில்லை. தண்ணீரில் குதிக்காதீர்கள்: மூச்சுவிடத் தலையைத் தூக்கும்போது மேலே காத்திருக்கலாம், மூழ்கும் ஆபத்தும் உண்டு. குழந்தை கூட இருந்தால் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், நடத்திக் கூட்டிப்போக நேரமில்லை. ஏணியிலோ மரத்திலோ இருக்கிறீர்களா? கொட்டினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குங்கள். கைவிட்டு விழுந்தால் கொட்டைவிடப் பெரிய காயம் படும்.

இருட்டில் குளவி பறக்காது என்று நம்பி இரவில் கூட்டைத் தொடுபவர்கள் உண்டு. கதண்டு வகைகளில் சில இரவிலும் பறக்கும், வெளிச்சத்தை நோக்கி வரும். கையில் டார்ச் இருந்தால் அதை நோக்கித்தான் வரும்.

படி 8: கொட்டிய பிறகு

குளவி பொதுவாகக் கொடுக்கை விட்டுப் போவதில்லை, எனவே தேடித் தோண்ட வேண்டாம். விரலில் கொட்டியிருந்தால் மோதிரத்தை உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு முடியாது. சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வையுங்கள். அரிப்புக்கு ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை உதவும். கொட்டிய இடத்தைச் சுற்றி வீக்கம் ஓரிரு நாள் பெருகுவது சகஜம்.

கொட்டாத இடத்தில் ஏதாவது தெரிந்தால் விஷயம் வேறு. கையில் கொட்டியிருக்க வயிற்றிலும் முதுகிலும் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், குரல் கரகரப்பு, மூச்சுத்திணறல், வாந்தி, தலைசுற்றல், மயக்கம்: இவை அனாபிலாக்சிஸ் என்ற கடும் ஒவ்வாமையின் அடையாளங்கள். சில நிமிடங்களிலேயே முற்றிவிடும். இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரலாம். எழுப்பி நிற்க வைக்கவோ நடக்க விடவோ வேண்டாம், ரத்த அழுத்தம் சரிந்து அங்கேயே விழக்கூடும். ஊசிக்குப் பிறகு நன்றாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்புவது உண்டு.

இன்னொரு ஆபத்து ஒவ்வாமையே இல்லாதவருக்கும் வரும். பத்து இருபது என்று கொட்டு ஏறும்போது, அதுவும் கதண்டு என்றால், விஷத்தின் அளவே தசையையும் ரத்த அணுக்களையும் சிதைத்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். முதல் நாள் நன்றாக இருந்துவிட்டு மறுநாள் சிறுநீர் கறுத்துப் போவது, குறைவது இதன் அடையாளம். குழந்தைகளுக்கு இன்னும் குறைந்த கொட்டிலேயே இது நேரலாம். நிறையக் கொட்டியிருந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போய் ரத்தம், சிறுநீர் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறை கடும் ஒவ்வாமை வந்தவர் அடுத்த கொட்டை நினைத்துப் பயந்தே வாழ வேண்டியதில்லை. குளவி விஷத்தையே மிகச் சிறிய அளவில் தொடங்கி, ஓர் அளவு வரை ஏற்றி, பிறகு அதே அளவில் 3 முதல் 5 ஆண்டு ஊசியாகக் கொடுக்கும் சிகிச்சை இருக்கிறது. ஒவ்வாமை மருத்துவரிடம் கேளுங்கள். நன்றாகப் பலன் தரும் சிகிச்சைகளில் அது ஒன்று.

படி 9: கூட்டை என்ன செய்வது?

யாரும் போகாத இடத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். செடியை அரிக்கும் புழுக்களைக் குளவிகள் ஓயாமல் தூக்கிப்போய்க் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. என் ஜன்னல் கூட்டை நான் அப்படித்தான் விட்டேன். அந்த ஒரு ஜன்னலைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

ஆள் நடமாடும் இடம், குழந்தைகள் விளையாடும் இடம், ஒவ்வாமை உள்ளவர் இருக்கும் வீடு என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அதைப் பாதுகாப்பு உடையோடு வரும் அனுபவமுள்ளவர்களிடம் விடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவதில் கூட்டோடு கூரையும் எரியும். பொந்தை அடைத்தால் உள்ளே இருப்பவை கடித்து வேறு வழி போட்டுக்கொள்ளும், அந்த வழி வீட்டுக்குள் திறக்கலாம். புகையையும் நம்ப வேண்டாம். புகை பட்டதும் தேனீ சேர்த்து வைத்த தேனைக் குடிக்கப் போய்விடும். பெரும்பாலான குளவிகள் தேன் சேர்ப்பதில்லை, அந்தத் தந்திரம் இங்கே செல்லாது.

கூட்டை எடுத்த பிறகும் அந்த இடத்தை இரண்டு மூன்று நாள் ஒதுக்கி வையுங்கள். எடுத்த நேரத்தில் இரை தேடிப் போயிருந்த குளவிகள் திரும்பி வரும். கூடு தொங்கிய அதே புள்ளியில் வந்து சுற்றும், சட்டத்தில் காம்பு ஒட்டியிருந்த தழும்பின் மேல் உட்காரும், எழும், மறுபடி உட்காரும். நாளுக்கு நாள் அவை குறைந்துகொண்டே போகும். கடைசிக் குளவியும் வருவது நின்ற பிறகு அந்தத் தழும்பைச் சுரண்டி எடுத்துவிடலாம்.